ஜெர்ரி மெக்வயர் சொல்லாத எண்

'ஜெர்ரி மெக்வயர்' பார்த்தவர்களிடம் அதில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால், முதலில் அந்த போன் காட்சியைத்தான் சொல்வார்கள். பணத்தைக் காட்டச் சொல்லி விளையாட்டு வீரன் ஒரு பக்கம் கத்த, ஏஜென்டான டாம் குரூஸ் மொத்த ஆபீஸும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அதையே திருப்பிக் கத்துவார். கொஞ்சம் ரொமான்டிக்கான ஆட்கள் என்றால் ரெனே ஸெல்வெகரின் வரவேற்பறைக் காட்சியைச் சொல்வார்கள். படத்தின் முடிவில் ஒரு டிவி பேட்டியில் அறிவிக்கப்படும் எண்ணை யாரும் சொல்வதில்லை. நான்கு ஆண்டுகள், 11.2 மில்லியன் டாலர். அதைக் கேட்டதும் ராட் டிட்வெல் அழுதுவிடுகிறான். நமக்கும் கண் கலங்குகிறது. மூணு தடவை பார்த்திருக்கிறேன், மூணு தடவையும் எனக்குக் கலங்கியது.

நாலாவது தடவை பார்க்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. சரிப்பா, 11.2 மில்லியன். இதுல கேரண்டி எவ்வளவு?

படம் சொல்லவில்லை. இயக்குநர் கேமரூன் குரோவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. விளையாட்டு ஏஜென்ட் லீ ஸ்டைன்பெர்கோடு சுற்றி, அந்த உலகத்தைக் கூடவே இருந்து பார்த்து எழுதிய திரைக்கதை அது. அந்த எண்ணைச் சொன்னால் கண்ணீர் வராது, அவ்வளவுதான். இந்தக் கட்டுரை அந்தச் சொல்லாத எண்ணைப் பற்றியது. அமெரிக்கக் கால்பந்து பற்றிய கதைகள் எதை வைத்து நம்மை அழவைக்கின்றன, எதை மறைத்து வைக்கின்றன என்பதைப் பற்றியது.

*

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இது மெஸ்ஸி விளையாடும் கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் மோதிச் சாய்க்கும் ஆட்டம். என்எஃப்எல் என்ற லீக், 32 அணிகள், ஒவ்வொன்றிலும் 53 பேர். ஒப்பந்தம் முடிந்த வீரர் 'ஃப்ரீ ஏஜென்ட்'. எந்த அணிக்கும் போகலாம். ஒவ்வொரு வருடமும் மார்ச் நடுவில் அந்தச் சந்தை திறக்கிறது. திறந்த சில மணி நேரத்துக்குள் எண்கள் கொட்ட ஆரம்பிக்கும். இன்னார் நான்கு வருடம், இவ்வளவு மில்லியன். இன்னொருவர் மூன்று வருடம், அவ்வளவு மில்லியன்.

இந்த எண்களில் பாதி பொய். கெட்ட அர்த்தத்தில் சொல்லவில்லை. தலைப்பில் போடப்படும் தொகை, எல்லாம் நல்லபடியாக நடந்தால் வரக்கூடிய தொகை. என்எஃப்எல் ஒப்பந்தத்தில் வீரர் நான்கு வருடத்துக்குக் கட்டுப்பட்டவர். அணி அப்படிக் கட்டுப்பட்டதில்லை. ஒரு வருடம் விளையாடியதும் போகச் சொல்லிவிட்டால், கேரண்டி இல்லாத மிச்சப் பணம் காற்றோடு போச்சு. பேஸ்பாலிலும் கூடைப்பந்திலும் பெரிய ஒப்பந்தங்கள் பொதுவாக முழு கேரண்டியோடு வருபவை. பாபி போனியா என்ற பேஸ்பால்காரருக்கு நியூயார்க் மெட்ஸ் அணி ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் கிட்டத்தட்ட 1.2 மில்லியன் டாலர் கொடுக்கிறது. 2035 வரை கொடுக்கும். மனுஷன் மட்டையைக் கீழே வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்று விளையாட்டுகளில் உடம்பை அதிகமாக உடைக்கும் விளையாட்டுக்குத்தான் கேரண்டி குறைவு. இதை யோசித்துப் பார்த்தால் தற்செயலாகத் தெரியவில்லை.

ஆக, ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் இரண்டு எண்கள். 2024 மார்ச்சில் கர்க் கஸின்ஸ் என்ற குவார்ட்டர்பேக் அட்லான்டா ஃபால்கன்ஸோடு கையெழுத்திட்டார். தலைப்பு எண்: நான்கு வருடம், 180 மில்லியன். உள் எண்: 100 மில்லியன் கேரண்டி. அடுத்த மாதமே அதே அணி புதிய வீரர்கள் தேர்வில் தன் முதல் வாய்ப்பை இன்னொரு குவார்ட்டர்பேக்குக்குச் செலவழித்தது. டிசம்பரில் கஸின்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 180-ஐ நம்பிக் கதை எழுதியவர்கள் ஏமாந்தார்கள். 100-ஐப் படித்தவர்களுக்கு அதிர்ச்சி ஏதும் இல்லை.

கேரண்டியை 'உத்தரவாதம்' என்று எழுதலாம். ஆனா மிக்ஸி வாங்கும்போது கடைக்காரரிடம் நாம் கேட்கும் கேரண்டிதான் இதற்கு நெருக்கம். உடைஞ்சா யார் செலவு? ஒரே வித்தியாசம், இங்கே மிக்ஸியே அந்தக் கேள்வியைக் கேட்கிறது.

கேரண்டியிலும் மூன்று வகை. திறமை குறைந்துவிட்டது என்று நீக்கினாலும் பணம் வரும் என்பது ஒன்று. காயத்தால் ஆட முடியாமல் போனாலும் வரும் என்பது இரண்டு. அணியின் சம்பள உச்சவரம்புக்கு இடம் வேண்டும் என்று நீக்கினாலும் வரும் என்பது மூன்று. மூன்றும் சேர்ந்தால்தான் 'முழு கேரண்டி'. காயத்துக்கு மட்டும் என்றால், நல்லா நடமாடிக்கொண்டிருக்கும் ஆளைத் தாராளமாக வெளியே அனுப்பலாம். ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தைப் படித்தால், ஒரு மனிதன் எத்தனை விதமாகத் தேவையில்லாதவனாக ஆகலாம் என்பதற்கு யாரோ நிதானமாக உட்கார்ந்து போட்ட பட்டியல் மாதிரி இருக்கும். எனக்குத் தெரிந்து இவ்வளவு நேர்மையான இலக்கியப் பிரதி இந்த விளையாட்டில் வேறு கிடையாது.

*

இதை மனதில் வைத்துக்கொண்டு 'ஜெர்ரி மெக்வயர்' படத்துக்குத் திரும்புவோம். 1996-இல் வந்த படம். என்எஃப்எல்லில் உண்மையான ஃப்ரீ ஏஜென்சி தொடங்கியது 1993-இல். புதிய சந்தை பிறந்து மூன்றே வருடத்தில் வந்த அதன் முதல் பெரிய புராணம் என்று சொல்லலாம்.

படத்தின் தொடக்கம் அபாரமானது. ஒரு ஐஸ் ஹாக்கி வீரர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிறார். தலையில் அடி, முதல் தடவையும் இல்லை. தன் பேர் என்ன என்பதிலேயே குழம்புகிறார். ஆனால் இந்த வாரம் ஆடியே ஆகவேண்டும், ஆடினால்தான் போனஸ் என்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது அவருக்கு. வெளியே வரும் ஜெர்ரியை அவருடைய சின்னப் பையன் மடக்கி, அப்பாவை யாராவது நிறுத்தணும் என்கிறான். ஜெர்ரி ஏதோ சமாளிக்கிறான். பையன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அந்த வார்த்தைதான் ஜெர்ரியைத் தூங்கவிடாமல் செய்கிறது, அறிக்கை எழுத வைக்கிறது, வேலையை இழக்க வைக்கிறது. அதாவது மொத்தப் படமும் ஒரு ஒப்பந்த வரியிலிருந்து பிறக்கிறது. ஆடினால் காசு, ஆடாவிட்டால் இல்லை. தலை உடைந்திருந்தாலும் கணக்கு அதுதான்.

இப்போது முடிவு. அரிசோனா கார்டினல்ஸ் அணியின் ராட் டிட்வெல் தன் ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில் ஆடுகிறான். அணி கொடுக்க வந்த குறைந்த தொகையை மறுத்துவிட்டான். இடையில் அடிபட்டால் அடுத்த ஒப்பந்தம் என்ற ஒன்றே இருக்காது என்பது அவனுக்கும், மனைவி மார்ஸிக்கும், ஜெர்ரிக்கும் தெரியும். படம் அதை மறைக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை இரவு ஆட்டத்தில் பந்தைப் பிடிக்கும்போது மோதிச் சாய்க்கப்பட்டு, நினைவில்லாமல் தரையில் கிடக்கிறான். வீட்டில் கர்ப்பிணி மனைவி டிவி முன்னால் உறைந்துபோகிறாள். பிறகு அவன் கண் திறக்கிறான். எழுகிறான். ஆடுகிறான். மைதானமே அவனைக் காதலிக்க ஆரம்பிக்கிறது. ஒப்பந்தம் வருகிறது.

முதல் காட்சியில் தலையில் அடிபட்டவன் ஒரு குற்றச்சாட்டு. கடைசிக் காட்சியில் தலையில் அடிபட்டவன் ஒரு கொண்டாட்டம். நடுவில் என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை. அதே கணக்குதான், இந்தத் தடவை சீட்டு நமக்குச் சாதகமாக விழுந்தது. பையன் கேட்ட கேள்வியைப் படம் ஒரு சஸ்பென்ஸாக மாற்றி, நடனத்தால் தீர்த்து, நம்மைக் கைதட்டி வீட்டுக்குப் போக வைக்கிறது.

ஒரு விவரம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காட்சியில் வர்ணனையாளராகத் தானாகவே நடித்திருப்பவர்களில் ஒருவர் ஃப்ராங்க் கிஃபோர்ட். 1960 நவம்பரில் யாங்கி ஸ்டேடியத்தில் சக் பெட்னரிக் மோதியதில் நினைவிழந்து விழுந்தவர். 1961 சீசன் முழுக்க ஆடவில்லை. 2015-இல் அவர் இறந்த பிறகு, அவர் மூளையில் சிடிஇ என்ற சிதைவு நோய் இருந்ததைக் குடும்பத்தினர் அறிவித்தார்கள். கற்பனை வீரன் ஒருவன் மயங்கிக் கிடப்பதை, நிஜமாகவே அப்படி மயங்கிக் கிடந்த ஒருவர் வர்ணிக்கிறார். 1996-இல் யாருக்கும் இது உறைத்திருக்க வாய்ப்பில்லை. இன்று அந்தக் காட்சியை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

படத்தின் தத்துவம் என்ன? காசை மட்டும் பார்க்காதே, மனசிலிருந்து ஆடு. ஜெர்ரி இதை டிட்வெல்லிடம் நேராகவே சொல்கிறான். நீ தலையால் ஆடுகிறாய், இதயத்தால் ஆடவில்லை என்கிற மாதிரி. டிட்வெல் மாறுகிறான், உடம்பை எண்ணிப் பார்க்காமல் பந்துக்குப் பாய்கிறான், அப்புறம் காசு தானாக வருகிறது. கேட்க இனிக்கும் அறிவுரைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்த அறிவுரையை அணியின் முதலாளி கொடுத்திருந்தால் நாம் சிரித்திருப்போம். கேரண்டி இல்லாத ஒருவனிடம் உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல்வதற்கு அன்பு என்று பெயர் வைத்ததுதான் இந்தப் படத்தின் சாமர்த்தியம்.

அன்பு இருந்தால் ஒப்பந்தம் வரும் என்கிறது படம். கேரண்டி என்ற ஏற்பாடோ, அன்பு தீர்ந்துபோகும் நாளுக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது.

*

இதைவிட பதினேழு வருடம் மூத்த படம் ஒன்று இந்த விஷயத்தைச் சரியாகப் பிடித்திருந்தது. 'நார்த் டல்லஸ் ஃபார்ட்டி'. அறுபதுகளில் டல்லஸ் கௌபாய்ஸுக்கு ஆடிய பீட்டர் ஜென்ட் 1973-இல் எழுதிய நாவல். டெட் கோட்செஃப் 1979-இல் படமாக்கினார். நிக் நால்டி நடித்த ஃபில் எலியட் காலையில் கண் விழிப்பதோடு படம் தொடங்குகிறது. படுக்கையிலிருந்து எழுந்து நிற்பதே அவனுக்கு ஒரு வேலை. எந்த மூட்டு முதலில் ஒத்துழைக்கும் என்று பார்த்துப் பார்த்து எழுகிறான். மாத்திரை, பீர், வெந்நீர்த் தொட்டி. வசனம் எதுவும் தேவைப்படாத காட்சி. ஒப்பந்தத்தில் அவன் எதை விற்றான் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது.

அந்தப் படத்தில் டெல்மா ஹடில் என்ற சக வீரனுக்கு ஊசி என்றாலே பிடிக்காது. கடைசியில் வலி மரக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டு இறங்குகிறான், ஆட்டத்தில் விழுகிறான். எழுந்து நடனமாடவில்லை. எலியட்டின் முடிவு இன்னும் வறட்சியானது. சூட் போட்ட ஆட்கள் உட்கார்ந்த ஒரு அறையில், அவன் சொந்த வாழ்க்கையைத் துப்பறிந்து எழுதிய கோப்பு ஒன்றை விரித்து வைத்து, ஒழுங்கு மீறல் என்ற பெயரில் சம்பளத்தை நிறுத்துகிறார்கள். மைதானத்தில் உடையாத ஒன்று அந்த மேஜையில் உடைகிறது. வெளியே வரும்போது நண்பன் எறியும் பந்தை அவன் பிடிக்கவில்லை. கைகளை விரித்து, மார்பில் பட்டுக் கீழே விழ விடுகிறான். வாழ்க்கை முழுக்கப் பந்தைப் பிடித்தவன் செய்யும் ஒரே வேலைநிறுத்தம்.

இந்தப் படம் வந்த காலத்தில் ஃப்ரீ ஏஜென்சி என்பது பெயருக்குத்தான் இருந்தது. 1963-லிருந்து ரோஸல் விதி என்று ஒன்று. ஒப்பந்தம் முடிந்த வீரரை இன்னொரு அணி எடுத்தால், பழைய அணிக்கு என்ன ஈடு கொடுக்க வேண்டும் என்பதை லீக் ஆணையர் முடிவு செய்வார். எவ்வளவு கேட்பார் என்று தெரியாததால் யாரும் யாரையும் எடுக்கத் துணியவில்லை. பால்டிமோர் கோல்ட்ஸின் ஜான் மேக்கி, வீரர்கள் சங்கத் தலைவராக இருந்தவர், வழக்குப் போட்டார். 1976-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்றது. ஆனால் அடுத்த வருடமே கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் ஈட்டு முறை வேறு உருவத்தில் திரும்பி வந்துவிட்டது. 1987-இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அணிகள் மாற்று ஆட்களை இறக்கி ஆட்டத்தை நடத்தின, வேலைநிறுத்தம் உடைந்தது. பிறகு ஃப்ரீமன் மெக்னீல் வழக்கில் 1992-இல் ஜூரி வீரர்கள் பக்கம் தீர்ப்பளித்த பின்தான் 1993-இல் கதவு திறந்தது. அந்த வசந்தத்தில் ரெஜி வைட் நான்கு வருடம், 17 மில்லியன் என்று கிரீன் பே போனார்.

அந்தக் கதவை முதலில் தட்டிய மேக்கிக்கு முன்மூளைச் சிதைவால் மறதி நோய் வந்தது. ஓய்வுபெற்ற வீரர்களின் மறதி நோய்ச் சிகிச்சைக்காக ஏற்படுத்தப்பட்ட நிதிக்கு அவருடைய சட்டை எண்ணான 88-ஐத்தான் பெயராக வைத்தார்கள். 2011-இல் இறந்தார். மற்றவர்களுக்கு விலை பேசும் உரிமையை வாங்கிக் கொடுத்தவருக்குக் கடைசியில் மிஞ்சியது ஒரு எண். இதை வைத்து யாரும் பெரிய படம் எடுத்ததாகத் தெரியவில்லை.

எடுத்ததெல்லாம் வேறு. 1979-இல் கதாநாயகன் வீரன். 1996-இல் ஏஜென்ட். 2011-இல் வந்த 'மணிபால்' பேஸ்பால் படம். அதில் கதாநாயகன் அணியின் மேனேஜர். 2014-இல் 'டிராஃப்ட் டே'. மறுபடியும் மேனேஜர், கெவின் காஸ்ட்னர். காமிரா மெல்ல மெல்ல மைதானத்தை விட்டு நகர்ந்து ஆபீஸ் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டதைக் கவனியுங்கள். உடம்பு வலிப்பவன் ஓரமாகப் போய், உடம்புகளை வாங்கி விற்பவன் நடுவுக்கு வந்துவிட்டான். ஃபேன்டஸி லீக் ஆடுகிற நாமும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். இவனுக்கு இவ்வளவு கொடுக்கலாமா, வயசு முப்பது ஆச்சே, தூக்கிடலாம். யார் பணத்தை நாம் இப்படிச் சிக்கனம் செய்கிறோம்?

*

எழுதப்படாத கதைகளில் ஒன்று எர்ல் தாமஸுடையது. சியாட்டில் சீஹாக்ஸின் தற்காப்பு வீரர். அணி சூப்பர் பவுல் வென்றபோது அதன் தூண்களில் ஒருவர். 2018-இல் அவர் ஒப்பந்தத்தின் கடைசி வருடம். நீட்டிப்பு கேட்டார், இல்லை என்றால் வேறு அணிக்காவது அனுப்புங்கள் என்றார். பயிற்சி முகாமுக்குப் போகவில்லை. அணி மசியவில்லை. சீசன் தொடங்கும்போது திரும்பி வந்து ஆடினார், நன்றாகவே ஆடினார். செப்டம்பர் 30 அன்று கால் எலும்பு முறிந்தது. வண்டியில் வைத்து வெளியே கொண்டு போகும்போது தன் அணியின் பெஞ்ச்சைப் பார்த்து நடுவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அந்த ஆட்டம் நடந்த இடம் அரிசோனா. எதிரணி கார்டினல்ஸ். ராட் டிட்வெல்லின் அணி. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் சினிமாவில் ஒரு வீரன் அதே அணியின் சட்டையில், அதே ஒப்பந்தச் சிக்கலில், மயங்கி விழுந்து எழுந்து நடனமாடினான். நிஜத்தில் எழ முடியாதவர் விரலைத் தூக்கினார். படத்தின் தொடக்கத்தில் அந்தச் சின்னப் பையன் சொன்ன வார்த்தையைத்தான் தாமஸ் சத்தமில்லாமல் சொன்னார் என்று எனக்குப் படுகிறது. ஏஜென்டும் முதலாளியும் ரசிகரும் மறந்துபோன வார்த்தை.

அன்று பலரும் அதை அநாகரிகம் என்றார்கள். அந்த வருடச் சம்பளம் அவருக்கு எப்படியும் வந்துவிடும், போகக்கூடியது எதிர்காலம். அது நல்லவேளையாகப் போகவில்லை. அடுத்த மார்ச்சில் பால்டிமோர் நான்கு வருடம், 55 மில்லியன் கொடுத்தது. அதில் கேரண்டி 32 மில்லியன். பிறகு 2020-இல் சக வீரரோடு பயிற்சியில் நடந்த தகராறுக்குப் பின் ஒழுங்கு காரணம் காட்டி நீக்கப்பட்டார். ஆக அவர் புனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. கேரண்டி கேட்க ஒருவர் புனிதராக இருக்க வேண்டியதில்லை என்றுதான் சொல்ல வருகிறேன்.

இன்னொரு கதை டமார் ஹாம்லினுடையது. 2023 ஜனவரி 2, சின்சினாட்டி. பஃபலோ பில்ஸின் இளம் வீரர், ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்டவர், ஒரு சாதாரண மோதலுக்குப் பின் எழுந்து நின்று, அப்படியே பின்னால் சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே மார்பை அழுத்தி உயிர்ப்பித்தார்கள். ஆட்டம் நிறுத்தப்பட்டது. நாடே பிரார்த்தனை செய்தது. அவர் பிழைத்து, பிறகு ஆடவும் வந்தார்.

அந்த வாரம் ஒரு சின்னச் செய்தி கசிந்தது. அவருடைய ஒப்பந்தத்தில் பிளவுச் சம்பள வரி ஒன்று இருந்தது. காயப்பட்டோர் பட்டியலில் போடப்பட்டால் மிச்ச வாரங்களுக்குக் குறைந்த சம்பளம். கீழ்ச் சுற்றுகளில் எடுக்கப்படும் இளம் வீரர்களுக்கு இது சாதாரணம். ஹாம்லினுக்கு முழுச் சம்பளமும் கொடுக்க பில்ஸ் முடிவு செய்தது, எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனா அந்தப் பாராட்டுக்குள் என்ன இருக்கிறது பாருங்கள். மைதானத்தில் இதயம் நின்றுபோன ஒருவருக்கு முழுச் சம்பளம் கிடைக்க, யாரோ மனசு வைக்க வேண்டியிருந்தது. கேமரா பார்க்காத பயிற்சி நாளில், பேர் தெரியாத ஒருவருக்கு முட்டி திரும்பினால் யார் மனசு வைப்பார்கள்?

உரிமைக்கும் தயவுக்கும் உள்ள இந்த இடைவெளிதான் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி.

*

இத்தனை சொன்ன பிறகு, என் வாதத்துக்கு எதிரான கதையையும் சொல்லாமல் போவது நியாயமில்லை.

கர்க் கஸின்ஸ் 2018-இல் மினசோட்டாவில் மூன்று வருடம், 84 மில்லியன், முழுக்க முழுக்க கேரண்டி என்று கையெழுத்திட்டபோது, இனி எல்லாம் மாறும் என்று பேச்சு. நான்கு வருடம் கழித்து அடுத்த பெரிய படி வந்தது. அது வந்த விதம்தான் கசப்பு. 2022 மார்ச்சில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ், டிஷான் வாட்ஸனுக்கு ஐந்து வருடம், 230 மில்லியன், முழு கேரண்டி கொடுத்தது. இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர் மீது பாலியல் அத்துமீறல் புகாரோடு சிவில் வழக்குகள் தொடுத்திருந்த நேரம். அவர் மறுத்தார், கிராண்ட் ஜூரிகள் குற்றம் சாட்டவில்லை, லீக் பின்னர் 11 ஆட்டங்கள் தடையும் 5 மில்லியன் அபராதமும் விதித்தது. முதல் வருட அடிப்படைச் சம்பளத்தை ஒரு மில்லியன் அளவுக்குக் குறைத்து எழுதியிருந்ததால், தடையால் அவருக்குப் போன சம்பளம் சொற்பம். ஒப்பந்தத்தை எழுதியவர்கள் யாருடைய வலியை முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். வழக்குப் போட்ட பெண்களுடைய வலி அதில் இல்லை.

இதைப் படித்துவிட்டு கேரண்டியை ஆதரிப்பது கஷ்டம். நானும் கொஞ்ச நாள் தடுமாறினேன். ஆனால் முதலாளிகள் இந்த ஒப்பந்தத்தைப் பார்த்துப் பதறிய காரணம் வேறாக இருந்தது. அந்தப் பெண்களைப் பற்றிய பதற்றம் இல்லை. 'முழு கேரண்டி' என்ற சொல் பரவிவிடுமோ என்ற பதற்றம். வீரர்கள் சங்கம் கொண்டுபோன கூட்டுச்சதி வழக்கில், 2025 ஜனவரியில் நடுவர் ஒருவர் தீர்ப்பெழுதினார். அணிகள் உண்மையில் கூட்டுச் சேர்ந்து நடந்தன என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார். ஆனால் 2022 மார்ச்சில் நடந்த உரிமையாளர்கள் கூட்டத்தில், கேரண்டியைக் குறைக்கும்படி லீக் நிர்வாகமே அணிகளை ஊக்குவித்தது என்றும் கண்டார். அந்தத் தீர்ப்பு மாதக்கணக்கில் வெளியே வரவில்லை. ஜூனில் பத்திரிகையாளர் பாப்லோ டோரே தன் பாட்காஸ்ட் வழியாக வெளியிட்ட பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. லீக் மறைத்தது புரிகிறது. சங்கமும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்ற கேள்விதான் வீரர்களை அதிகம் உறுத்தியிருக்கும்.

இடையில் 2023-இல் லமார் ஜாக்ஸன் 260 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார், கேரண்டி 185. ஏஜென்ட் இல்லாமல் பேசியவர் அவர். ஜெர்ரி மெக்வயர் இல்லாமலேயே இவ்வளவு வந்தது. ஆனால் வாட்ஸனுக்குக் கிடைத்த முழு கேரண்டி அவருக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு, அது வீரர்களுக்குள்ளேயே இருப்பது. ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு, 2025-இல் 279.2 மில்லியன். நட்சத்திரத்தின் கேரண்டி கூடினால், சறுக்கல் வரும் வருடத்தில் அணி கைவைக்க முடிவது கேரண்டி இல்லாத மற்றவர்கள் மேல்தான். ஒருத்தர் காப்பு பக்கத்து லாக்கர்காரரின் ஆபத்தாக ஆகலாம். அதனால் கேரண்டி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். எதிர்கால கேரண்டித் தொகையை அணிகள் முன்கூட்டியே தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும் என்று பழைய விதி ஒன்று இருக்கிறது. முதலாளி திவாலாகிவிட்டால் வீரருக்குப் பணம் போய்விடக் கூடாது என்று உண்டானது. இன்று பில்லியன் கணக்கில் மதிப்புள்ள அணிகள், அவ்வளவு பணத்தை எப்படி முடக்குவது என்று அதே விதியைக் காட்டிக் கையை விரிக்கின்றன. வீரரைக் காக்க எழுதிய வரி முதலாளிக்குச் சாக்காக ஆனது. இந்த உலகத்தில் நல்ல வரிகளுக்கும் இதுதான் கதி.

*

கோடீஸ்வரர்கள் கோடீஸ்வரர்களோடு சண்டை போடுகிறார்கள், நமக்கென்ன? இந்தக் கேள்வி நியாயமானது. இந்த எண்களில் ஒரு சைபரைக்கூட நம்மில் யாரும் பார்க்கப் போவதில்லை.

ஆனால் தலைப்பு எண்ணை மட்டும் பார்த்து ஒரு மனிதனைப் பேராசைக்காரன் என்று சொல்லும் பழக்கத்தை நாம் எங்கிருந்து கற்றுக்கொண்டோம்? கதைகளிலிருந்துதான். சம்பளத்தை முடிவில் கிடைக்கும் பரிசாகவும், கேரண்டி கேட்பதை நம்பிக்கையின்மையாகவும், உடம்பைக் கொடுப்பதை அன்பாகவும் காட்டும் கதைகள். 'ஜெர்ரி மெக்வயர்' அவற்றில் மிகத் திறமையானது; அதனால்தான் அதன் மேல் இவ்வளவு கோபம். அது தொடங்கிய இடத்திலேயே நின்று, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் பையனுக்குப் பதில் சொல்ல முயன்றிருந்தால் 'நார்த் டல்லஸ் ஃபார்ட்டி' பக்கத்தில் வைக்கத்தக்க படமாக ஆகியிருக்கும். ஆஸ்காரும் டி-ஷர்ட்டும் கிடைத்திருக்காது.

ஐந்தாவது தடவையும் பார்த்தேன். 11.2 மில்லியன் என்றதும் ராட் டிட்வெல் அழுதான். எனக்கும் கண் கலங்கியது. பழக்கம் அப்படிச் சீக்கிரம் போகாது. ஆனால் இந்தத் தடவை மார்ஸியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் கணக்குப் போடத் தெரிந்தவள் அவள்தான். படம் இன்னும் பத்து நிமிஷம் ஓடியிருந்தால், விருந்தாளிகள் கிளம்பிய பிறகு அவள் ஒப்பந்தத்தை எடுத்து, முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு, நேராக அந்தப் பட்டியல் இருக்கும் பக்கத்துக்குப் போயிருப்பாள்.